சர்ச் பக்கத்து கோலில் மேவிஸ்

ஸ்கார்ஹோம் டவுன் கால்பந்து கிளப் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்ததும் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. ஆர்னால்ட் சக்டனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

"இதுல என்னவோ இருக்குப்பா," என்றார், மீன் வறுவல் கடை வரிசையில் நின்றபடி. "நம்ம பசங்க இப்படி ஆடற ஆளுங்களே கிடையாது."

"ஜெயிச்சாக்கூட உனக்குப் பொறுக்காதாய்யா?" என்றாள் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்ற கடைக்காரி.

"தோத்தா எதுக்குத் தோத்தோம்னு தெரியும். ஜெயிச்சா எதுக்குன்னு தெரிய வேண்டாமா?"

அவர் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கம்பளி மில்லில் சேர்ந்தார். இருமல் வந்தது, விட்டார். பிறகு பஸ் கம்பெனியில் கண்டக்டர், அதன் பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெறும்வரை அதே உத்தியோகம்தான். ஊரிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு பார்த்துப் பழகியவர். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவன் உண்மையில் தூங்கவில்லை. சிரித்துக்கொண்டு குட்மார்னிங் சொல்கிறவன் சும்மா சொல்லவில்லை. ஒருமுறை சொந்த மாமியாரையே கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டார். டிக்கெட் எடுத்த இடத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் கூடுதலாக வந்துவிட்டாளாம். அந்த அம்மாள் சாகும்வரை கிறிஸ்துமஸ் விருந்தில் மருமகனுக்கு வான்கோழியின் கழுத்தை மட்டுமே பரிமாறினாள்.

சனிக்கிழமையானால் கில்ன் லேன் மைதானத்தில் சுழல்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சம்பளம் கிடையாது. செங்கல் கூண்டு, ஒரு முக்காலி, மிதித்தால் சுற்றுகிற இரும்புக் கதவு. அரை டிக்கெட் கேட்டு வருகிற பயல்களின் மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "மீசை முளைச்ச குழந்தையை இன்னிக்குத்தான் பாக்கறேன். முழு டிக்கெட்டை எடு ராசா!" என்பார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போய், மேவிஸ் பிடித்து வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

மேவிஸ் அவர் மனைவி. உள்ளூர் ஆட்டம் ஒன்றுகூட அவள் தவறவிட்டதில்லை. நீலக் கழுத்துத்துணி, மடியில் பின்னல் ஊசி, கம்பளி நூல். ஆர்னால்ட் எழுந்தால் எழுவாள். அவர் கத்தினால் கத்துவாள். நடுவரை அவர் திட்டினால், "ஆமா, அவனுக்குக் கண்ணே தெரியல," என்பாள். மற்ற மனைவிமார் எல்லாம் சனிக்கிழமை மதியம் கடைவீதிக்குப் போக, இவள் மட்டும் மழையிலும் பனியிலும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆண்கள் பொறாமைப்பட்டார்கள். "உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்பார்கள். ஆர்னால்ட் சந்தேகப்படாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். வெளியூர் ஆட்டங்களுக்கு மட்டும் அவள் வரமாட்டாள். பஸ்ஸில் நெடுந்தூரம் போனால் குமட்டும் என்பாள். அவர் கிளப் பஸ்ஸில் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார்.

அப்போதெல்லாம் டிவிஷன்கள் நாலு. ஸ்கார்ஹோம் நாலாவதின் அடிமட்டத்தில் கிடந்தது. கடைசி நாலு இடத்துக்குள் வந்தால் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டுத்தான் தொடர்ந்து ஆட முடியும். எங்கள் கிளப் கோடைதோறும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு லண்டன் போய், எல்லாரையும் பார்த்துப் பல்லிளித்து, ஓட்டு வாங்கிக்கொண்டு வரும். பழகிப்போன அவமானம். அதில்கூட ஒரு நிம்மதி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஜூன் மாதம் இரண்டு காரியங்கள் நடந்தன. மேவிஸ் செத்துப்போனாள். டேரன் விட்லாக் கிளப்பை வாங்கினார்.

மேவிஸுக்கு ரத்தத்தில் ஏதோ வியாதி. வசந்தத்தில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தகனம் முடிந்து அஸ்திக் கலசத்தை வாங்கிக்கொண்டு ஆர்னால்ட் நேராக மைதானத்துக்குத்தான் வந்தார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கிளப்பே கதி என்று கிடந்தவர்களின் அஸ்தியை மைதானத்தில் சேர்ப்பார்கள். மைதானத்தைப் பராமரிக்கிற சேத் ஹோல்ராய்ட் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். கல்யாணம் ஆகாதவர். பேச்சு குறைவு. மைதானச் சுவருக்குப் பின்னாலேயே வீடு.

"சர்ச் பக்கத்து கோல். இடது கம்பத்தடி," என்றார் ஆர்னால்ட். "அவ உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு நேர் எதிர்ல."

சேத் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து ஒரு சதுரம் புல்லைப் பாயைப் போல உரித்தெடுத்தார். பாதிரியார் இரண்டு வரி ஜெபம் சொன்னார். அஸ்தியைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, புல்லைத் திரும்பப் படியவைத்தார்கள். சேத் அழுதார். நண்பனின் மனைவிக்காக இவ்வளவு அழுகிறானே, நல்ல மனசு என்று ஆர்னால்ட் நினைத்துக்கொண்டார்.

இனி விட்லாக்.

அந்த ஆள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், லங்காஷயர். அவர்களுக்கும் எங்களுக்கும் பரம்பரைப் பகை; இந்த ஒன்றே எங்கள் ஊருக்குப் போதும். தரைக்கம்பளக் கடைகள் நடத்திச் சம்பாதித்தவர். ஒட்டக நிறத்தில் ஓவர்கோட்டு, ஜாகுவார் கார். ஊரே வினிகர் ஊற்றிச் சாப்பிடுகிற வறுத்த உருளைக்கிழங்கை அது ஊற்றாமல் சாப்பிட்டதை ஆர்னால்ட் தன் கண்ணாலேயே பார்த்தார். "வினிகர் வேண்டாங்கறவனை நம்பவே கூடாது," என்று சேத்திடம் சொன்னார். "வயிறு சரியில்லாம இருக்கலாம்ல," என்றார் சேத். "வயிறு சரியில்லாதவன் எதுக்குய்யா கடைக்கு வரான்?"

ஆகஸ்டில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டம் வெற்றி. இரண்டாவதும் வெற்றி. செப்டம்பரில் எங்கிருந்தோ டெஸ்மண்ட் என்று ஒரு நெட்டை முன்னாட்டக்காரனைக் கூட்டி வந்தார் விட்லாக். அவன் தலையால் தொட்டதெல்லாம் கோல் ஆனது. ஆனால் ஊர் பேசியது டெஸ்மண்டைப் பற்றி இல்லை. சர்ச் பக்கத்து கோலை நோக்கி எதிரணி அடிக்கிற பந்து இடது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒருமுறை இல்லை, அடிக்கடி. காலியான கோலுக்குள் உருண்டு போன ஒரு பந்து சேற்றில் சொருகி நின்றே விட்டது.

"மேவிஸ் புடிச்சிட்டாடா!" என்று படிக்கட்டிலிருந்து எவனோ கத்தினான். அதிலிருந்து அது ஊர்ப் பாட்டாகிவிட்டது. பந்து வெளியே போனால் ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே குரலில் "மேவிஸ்! மேவிஸ்!" என்று கத்தும். ஆர்னால்டுக்கு நெஞ்சு விம்மும். ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் எல்லாருக்கும் முன்னால் வந்து, வெறும் மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், அந்தக் கம்பத்தடியில் நின்று அவளிடம் நிலவரம் சொல்வார். "டெஸ்மண்டுக்குத் தொடையில வலியாம். கோல்கீப்பர் பய நேத்து குடிச்சிருக்கான், நீதான் பாத்துக்கணும்." சேத் தரையைச் சமன் செய்கிற உருளையைத் தள்ளிக்கொண்டு போகிறவர், அந்த நேரத்தில் மட்டும் வேறு பக்கம் போய்விடுவார். தனியாகப் பேசட்டும் என்று விடுகிறான் என்பது ஆர்னால்டின் நினைப்பு.

பிப்ரவரியில், பனி இறுகிக் கிடந்த ஒரு காலை, ஆர்னால்ட் மைதானத்துக்கு வந்தபோது சர்ச் பக்கத்து கோலுக்குப் பின்னால் இரண்டு பேர் மூன்றுகால் கருவி ஒன்றை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் விட்லாக் குடையை நீட்டி அங்கேயும் இங்கேயும் காட்டிக்கொண்டிருந்தார். ஆர்னால்டைப் பார்த்ததும் கையசைத்துச் சிரித்தார்.

சிரிக்கிறானா? சரிதான். டிக்கெட் இல்லை.

அந்த நிமிடமே எல்லாம் புரிந்துபோனதாக ஆர்னால்ட் முடிவு கட்டினார். மூன்றாம் டிவிஷனுக்குப் போவார்கள். மைதானம் சின்னது, பழையது என்பான். ஊருக்கு வெளியே புதுசாகக் கட்டலாம் என்பான். ஊர் ஜெயித்த மயக்கத்தில் தலையாட்டும். கில்ன் லேனை விற்று வீடு கட்டுவான். யாரோ ஒரு குடும்பம் மேவிஸின் தலைமேல் கக்கூஸ் கட்டி உட்காரும்.

நேராக சேத்தின் கொட்டகைக்குப் போனார்.

"சேத், அவளை வெளியே எடுத்துடலாம்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சேத்தின் கை நின்றது. "யாரை?"

"யாரையா? என் பொண்டாட்டியைய்யா! இந்த லங்காஷயர்க்காரன் மைதானத்தை விக்கப் போறான். அதுக்கு முன்னாடி தோண்டி எடுத்துடு."

"சீசன் நடுவுல கோல்வாயில மண்வெட்டி வைக்க முடியாது, ஆர்னால்ட்."

"ஒரு சதுரம்தானே?"

"முடியாதுன்னா முடியாது. சீசன் முடியட்டும். அப்புறம் பேசலாம்."

சேத் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுகிற ஆளே இல்லை. பாதித் தேநீரைத் தட்டில்தான் ஊற்றியிருந்தார். ஆர்னால்டின் கண் கொட்டகையைச் சுற்றியது. மூலையில் பளபளவென்று புது புல்வெட்டி இயந்திரம்.

"இது எப்ப வந்தது?"

"போன வாரம். சேர்மன் வாங்கிக் குடுத்தாரு."

"ஓ," என்றார் ஆர்னால்ட். "குடுத்தாரா?"

தேநீரைத் தொடாமல் வெளியே வந்தார். சேத்தும் விலைபோய்விட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவன். ஒரு புல்வெட்டிக்கு.

அடுத்த நாளிலிருந்து விட்லாக்கைப் பின்தொடர ஆரம்பித்தார். காருக்குப் பின்னால் ஓட முடியாது. ஓய்வுபெற்ற ஊழியருக்குப் பஸ்ஸில் இலவசப் பயணம். ஒருநாள் ஜாகுவார் சிக்னலில் நிற்க, பின்னால் வந்து நின்ற பஸ்ஸில் தாவி ஏறி, "அந்தக் காரை விடாதே!" என்றார்.

டிரைவர் பழைய சகா. "அது வலப்பக்கம் போகுது, ஆர்னால்ட். நான் போற ரூட்டு ஆஸ்பத்திரி. நீயும் அங்கதான் போகணும் போல."

விட்லாக் எங்கெங்கே போகிறார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாததே பெரிய ஆதாரம் என்று ஆர்னால்டுக்குத் தோன்றியது.

மார்ச்சில் ரசிகர்கள் கூட்டம், கிளப் மதுக்கூடத்தில். அணி மேலே நாலு இடத்துக்குள் இருந்தது. அந்த நாலு பேரும் மூன்றாம் டிவிஷனுக்குப் போவார்கள். எல்லாரும் குடித்து முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆர்னால்ட் எழுந்து நின்றார்.

"சேர்மன் சார், சர்ச் பக்கத்துல எதுக்கு அளந்தீங்க?"

"கூரை போட," என்றார் விட்லாக். "அங்க நிக்கறவங்க மழையில நனையறாங்க. மேல போனா கூட்டம் கூடும்ல."

"கூரை போட நிலத்தை அளக்கறதா? தலைக்கு மேலயில்ல அளக்கணும்?"

சிரிப்பு எழுந்தது. விட்லாக்கும் சிரித்தார். "தூண் நிலத்துலதான் நிக்கணும், ஆர்னால்ட்."

"மைதானத்தை விக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"யோவ், உட்காருய்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "இத்தனை வருஷம் கழிச்சு நமக்கு ஒரு நல்லது நடக்குது, நீ வந்து கெடுக்காதே. உன் பொண்டாட்டி கோலைப் பாத்துக்கறா. நீ உன் வாயைப் பாத்துக்கோ!"

அறையே மேசையைத் தட்டிச் சிரித்தது. மூலையில் நின்ற சேத் மட்டும் சிரிக்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்னால்ட் அதையும் குறித்துக்கொண்டார். குற்றவாளி தலையைக் குனியாமல் வேறு என்ன செய்வான்?

அதற்குப் பிறகு அவரோடு யாரும் மீன் கடை வரிசையில் பேச்சுக் கொடுக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். மேலே போனால்தான் புது மைதானம். மேலே போகாவிட்டால்? விட்லாக்குக்கு அலுத்துப்போகும். கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். மேவிஸ் இருக்கிற இடத்திலேயே இருப்பாள்.

ஏப்ரலில் உள்ளூர் ஆட்டம் ஒன்றின் காலை, ஆர்னால்ட் கம்பத்தடியில் நின்றார். சின்ன வயதிலிருந்து இந்த கிளப்பைத் தவிர வேறு சாமி கும்பிடாதவர். இருந்தும் குனிந்து, யார் காதிலும் விழாதபடி, "மேவிஸ், இன்னிக்கு ஒண்ணை விட்டுடும்மா," என்றார்.

அன்று எதிரணி அடித்த சொத்தைப் பந்து ஒன்று, சர்ச் பக்கத்து கோலில், இடது கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஸ்கார்ஹோம் தோற்றது. படிக்கட்டெங்கும் ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு குழந்தை ஏங்கி ஏங்கி அழுதது. ஆர்னால்ட் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தார். துரோகம் செய்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டாளே! சொன்னதைக் கேட்டாளே! அப்படியென்றால் அவள் அங்கேதான் இருக்கிறாள். உயிர் போனாலும் அந்த இடத்தை விடக்கூடாது என்று அன்றைக்கு உறுதி செய்துகொண்டார்.

அந்தத் தோல்வியால் எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. மே மாதம், கில்ன் லேன், எதிரணி பென்மூர். ஜெயித்தால் மூன்றாம் டிவிஷன். சமன் செய்தால்கூடப் போதாது.

சுழல்கதவு அன்று சுற்றிய சுற்றில் சூடேறிவிட்டது. மீசை முளைத்த குழந்தைகளை எல்லாம் ஆர்னால்ட் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டார். மனசு அங்கே இல்லை. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று. டெஸ்மண்ட், சர்ச் பக்கத்து கோலில், எல்லார் தலைக்கும் மேலே எழும்பி நெற்றியால் ஒரு இடி இடித்தான். வலை நிறைந்தது. பிறகு ஒரு யுகம்போல் நேரம் ஓடியது. நடுவர் விசில் ஊதினார்.

அடேயப்பா, அந்தக் கூட்டம்! நாலு பக்கச் சுவரும் உடைந்தாற்போல் மனிதர்கள் மைதானத்துக்குள் கொட்டினார்கள். ஆட்டக்காரர்களின் சட்டையைக் கழற்றினார்கள், ஒருவரை ஒருவர் முத்தமிட்டார்கள். அப்புறம் எங்கள் ஆட்கள் எல்லா ஊர்க்காரர்களும் செய்கிற அந்த வேலையை ஆரம்பித்தார்கள். ஞாபகத்துக்கு மைதானத்தைப் பிய்த்துக்கொண்டு போவது. பேனாக்கத்தி, சாவி, வெறும் நகம். ஒருத்தன் பெனால்டிப் புள்ளியையே வட்டமாக அறுத்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். பத்துப் பதினைந்து பேர் சர்ச் பக்கத்து கோல்வாயை நோக்கி ஓடினார்கள்.

"மேவிஸ் புல்லு! மேவிஸ் புல்லு எனக்கு ஒரு துண்டு!"

ஆர்னால்ட் அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்தார். இடது கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு மறுகையை விரித்தார். "தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன்! போங்கடா!" குடித்தவர்கள் அவர் காலுக்கடியிலேயே கத்தியை விட்டார்கள். வேறு வழி தெரியவில்லை. அந்தச் சேற்றின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். எவனோ அவர் கையை மிதித்தான். முழங்காலில் ஏதோ சடக்கென்றது.

"எல்லாரும் பின்னால போங்க! அந்த மனுஷனை விடுங்க!"

ஒட்டக நிறக் கோட்டு ஒன்று அவர் தலைமாட்டில் வந்து நின்றது. விட்லாக் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். விலையுயர்ந்த கோட்டில் எவனோ பியர் ஊற்றினான். அந்த ஆள் நகரவில்லை.

"என்னாச்சு, ஆர்னால்ட்? அடி பட்டிருக்கா?"

"வீடு கட்ட விடமாட்டேன்," என்றார் ஆர்னால்ட், வாயெல்லாம் மண்ணோடு. "என் பொண்டாட்டி மேல வீடு கட்ட விடமாட்டேன்!"

"எந்த வீடுய்யா? கூரைய்யா, வெறும் கூரை! திங்கட்கிழமை தூண் வருது, நீயே வந்து பாரு!" விட்லாக்குக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "இங்க யாரும் எதையும் தொட மாட்டாங்க. நான் நிக்கறேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேத் வந்தார். சேற்றில் விழுந்து கிடக்கிற நண்பனைப் பார்த்தார். ரத்தம் கசிகிற கையைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"எழுந்திரு, ஆர்னால்ட்."

"மாட்டேன்."

"எழுந்திருப்பா. அவ இங்க இல்ல."

சேத்தின் வீட்டுத் தோட்டம் மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம். நொண்டியபடி வந்த ஆர்னால்டை அவர் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். சுவரோரம் வெயில் விழுகிற இடத்தில் மரப் பெஞ்சு ஒன்று. அதன் காலடியில் ஒரு சதுரம் புல். மற்ற புல்லைப் போல மெலிதாக இல்லை. தடித்த, முரட்டு மைதானப் புல்.

"எப்ப?" என்றார் ஆர்னால்ட்.

"நீ புதைச்ச மறுவாரம். முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே. மண்ணோட சேத்து எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு பொட்டு விடல."

"அப்ப இவ்வளவு நாளா நான் யாருகிட்டய்யா பேசிட்டு இருந்தேன்?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே பாடிக்கொண்டிருந்தது.

"எவன் சொல்லி எடுத்த? விட்லாக்கா?"

"மேவிஸ்தான் சொன்னா."

"மேவிஸா? எங்க, எப்ப?"

"ஆஸ்பத்திரியில. நீ கீழ டீ வாங்கப் போயிருந்த. 'இவன் என்னைக் கொண்டுபோய் அந்த மைதானத்துலதான் போடுவான், சேத். என்னை அங்க விட்டுடாதே'ன்னு சொன்னா. நீ கலசத்தோட வந்து நின்னப்ப உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. தப்புதான்."

"பொய் சொல்ற. அவ ஒரு ஆட்டம் தவறவிட்டதில்ல."

"உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. ஆட்டம் பாக்கல, பின்னிட்டு இருந்தா. ஆஃப்சைடுன்னா என்னன்னு கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியாது, ஆர்னால்ட். கால்பந்துன்னாலே அவளுக்கு ஆகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வெளியூர் ஆட்டத்துக்குப் போற சனிக்கிழமை எல்லாம் இங்க வருவா. இந்த பெஞ்சுலதான் உட்காருவா."

செக்கிங் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சேத்தின் முகத்தைப் பார்த்தார். ஊரில் ஒரு முகம் பாக்கி விடாமல் சோதித்தவர். இந்த ஒரு முகத்தைச் சோதிக்கவே தோன்றியதில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருந்தது?"

"டீ இருந்தது. சில நாள் கேக் கொண்டுவருவா." சேத் பெஞ்சில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். "எனக்கு மனசுல இருந்தது. அவளுக்கு இல்ல. அவகிட்ட நான் சொன்னதும் இல்ல. நீ நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி."

ஆர்னால்டின் கை மடங்கியது. அடிக்கத்தான் போனார். ஆனால் எதை நினைத்து அடிப்பது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல அவ? புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கட்டியா இழுத்திருப்பேன்?"

"நானும் கேட்டேன். ஒருமுறை இல்ல, நிறைய. நீ கதவைப் பூட்டிட்டு வந்து அவ பக்கத்துல உட்காருவியே, அந்த நேரத்துல மட்டும்தான் நீ யாரையும் சந்தேகப்படாம இருப்பியாம். முகமே வேற மாதிரி இருக்குமாம். 'அந்த முகத்தைப் பாக்கறதுக்காக நான் எவ்வளவு மழையில வேணும்னாலும் உட்காருவேன்'னு சொல்லுவா."

ஆர்னால்ட் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது, வாய்விட்டே அழுதார். சேத் பக்கத்தில் உட்காரவும் துணியாமல், உள்ளே போகவும் முடியாமல் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மேவிஸ்! மேவிஸ்!" என்று கூட்டம் அலறியது.

வெகுநேரம் கழித்து ஆர்னால்ட் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

"உட்காரு," என்றார். "வேற என்ன சொன்னா? திட்டியிருப்பாளே என்னை. திட்டினதையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."